அடி காட்டாத பெட்டி

"அடி காட்ட மாட்டேங்குது" என்று
பெட்டியை என் மேசையில் வைத்தார் தனபாக்கியம்.
சோனாங்குப்பம். விசைப்படகு இரண்டு:
கணவன் பெயரில் ஒன்று, கடன் பெயரில் ஒன்று.

கடலூர் முதுநகர்த் துறைமுகத்தில்
ஐஸ் உடைக்கும் இரைச்சலுக்கும் டீசல் பங்குக்கும் நடுவே
எக்கோ சவுண்டர் பழுது பார்க்கும் கடை என்னுடையது.
திறந்தேன். உப்பேறிய திருகு நான்கு.
உள்ளே ஒரு குறையும் இல்லை.
முகத்துவாரத்தில் இறக்கிப் பார்த்தோம்:
மூன்று மீட்டர், சேறு,
ஒரு குஞ்சு கூடத் தப்பாமல் காட்டியது.

"எங்கே வைத்துக் காட்டவில்லை?"
படகோட்டி வேம்பையன் சொன்னான்:
"வெள்ளி முளைக்கிற பக்கம், நாலு மணி நேர ஓட்டம்.
அறுபத்தெட்டு, எழுபத்தொண்ணு, நூத்திப்பத்து,
அப்புறம் வெறும் கோடு, கோடு, கோடு."

அது மடு.
பெட்டியின் குரல் முந்நூறு மீட்டரில் களைத்துவிடும்.
கேள்வி கீழே போகிறது, பதில் ஏறி வருவதில்லை.
பழுது பூமியில்.
அதற்கு என்னிடம் உதிரிபாகம் கிடையாது.

ஒருமுறை ஆய்வுக் கப்பலில் ஐம்பது நாள் ஒப்பந்த வேலை.
தென்கடலின் நடுவில் ஓர் இரவு
திரையில் ஒரு மலைத்தொடர் எழுந்து வந்தது,
ஒரு ஊருக்கும் சொந்தமில்லாத மலை.
உச்சி நெடுகப் பிளவு.
கடலுக்குத் தரை பிறக்கும் இடம் அது என்றார்கள்.
குழம்பு தலை நீட்டும்.
இரண்டு டிகிரிக் குளிர்நீர் தொட்டதும்
முகத்தில் கண்ணாடித் தோல்.
தோல் கிழித்து இன்னொன்று, அதன் தோளில் இன்னொன்று,
மழையில் நனைந்து சாக்கோடு இறுகிப்போன
சிமென்ட் மூட்டைகள் போல.
உறையும்போது வடக்கு எதுவென்று
தனக்குள் குறித்துக்கொள்கிறது கல்.
பிறகு வடக்கே தெற்கானாலும்
குறித்ததைத் திருத்துவதில்லை.

பிறந்த தரை நிற்பதும் இல்லை.
புதியது தள்ளுகிறதா, பழையது இழுக்கிறதா,
கப்பலிலேயே இரண்டு கட்சி.
போகப்போக ஆறி, கனத்து, தாழ்ந்து,
இமயத்துச் சேற்றையும் நம் பெண்ணையாற்று மணலையும்
மேலே போர்த்திக்கொண்டு,
அந்தமான் ஓரத்தில் வளைந்து
தலைகுனிந்து உள்ளே இறங்குகிறது.
இறங்கும்போது சில இடத்தில் சிக்கிக்கொள்ளும்.
எத்தனையோ தலைமுறை சிக்கிக் கிடந்தது
ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் விடுபட்டது.

ஞாயிறு என்பதால் நான் கடை திறக்கவில்லை.
உயிரோடிருப்பதற்கு
இதைக் காரணமாய்ச் சொல்ல இன்னும் கூச்சம்.
ரசீதுப் புத்தகத்தில் ஈரம் தின்னாத பக்கங்களில்
திரும்ப வராத பெயர்கள் பதினொன்று.
அவர்கள் பெட்டிகள் மேல்தட்டில் இருக்கின்றன.
எல்லாமே வேலை செய்யும்.

அதற்குப் பிறகும் ஓடுகிறது வண்டி,
ஆண்டுக்குச் சுண்டுவிரல் நீளம்.
இந்த இருபது வருடத்தில்
சோனாங்குப்பம், வலைக்கூடம், தேங்கிய கடிலம்,
தனபாக்கியத்தின் இரண்டு படகு, என் மேசை,
எல்லோருமாய் ஒரு மீட்டர்
வடகிழக்கே போயிருக்கிறோம்.
பட்டாவில் சர்வே எண் மாறவில்லை.

"அப்போ, அடி இருக்கா இல்லையா?"
இருக்கு. இன்னும் செய்துகொண்டே இருக்கிறார்கள் என்றேன்.
யார் என்று அவர் கேட்கவில்லை.
செய்யாத வேலைக்கு இருநூறா என்றுதான் கேட்டார்.
நூறை மேசையில் வைத்தார்.
போகிற போக்கில் திரும்பினார்:
"கோடு வர்ற இடத்துக்கு ஓரமாத்தான் சூரை நிக்குது.
மீட்டரை விடு. அந்தக் கோடு மட்டும்
வெயில்லயும் கண்ணுக்குத் தெரியுற மாதிரி
பண்ணிக் குடு."

திரையின் வெளிச்சத்தைக் கூட்டிக் கொடுத்தேன்.